புதுப்பிப்பு: ஜிஆர்இ-யில் ஒரே மாதிரி தெரியும் சொற்கள், கடைசியில் எது உதவியது

ஜிஆர்இ (வெளிநாட்டு மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) ஆங்கிலச் சொற்களில் வீனல் (venal), வீனியல் (venial) போன்ற ஜோடிகள் குழம்புகின்றன என்று போன மாதம் கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஒரே அட்டையில் இரண்டையும் எழுதும் யோசனை சொதப்பல். சேர்த்துப் படித்தால் அர்த்தங்கள் இடம் மாறிக்கொள்கின்றன. ஒன்றை உறுதியாகப் பிடித்து, நான்கைந்து நாள் விட்டு அடுத்ததைத் தொட வேண்டும்.

கைகொடுத்தது, முத்தியால்பேட்டை அக்கா சொன்ன 'பிரெஞ்சில் தேடு'. புதுச்சேரியில் பள்ளியிலேயே பிரெஞ்சு எடுத்தவர்களுக்கு இது சுலபம். 'வாந்த்ர்' (vendre) என்றால் விற்பது. வீனலுக்கும் அதே லத்தீன் வேர்தான், எனவே காசுக்கு விலைபோகிற. வீனியலின் வேர் வேறு: 'வெனியா', மன்னிப்பு. எழுத்தில் கூடுதலாக ஒரு 'ஐ' இருந்தால் மன்னிக்கத்தக்க சிறு தவறு. இன்ஜென்யுவஸும் (ingenuous) அப்படித்தான், பிரெஞ்சு 'ஆன்ஜெனு' (ingénu): வெகுளி. இன்ஜீனியஸ் (ingenious) என்றால் சூட்சும மூளை.

டிஸ்க்ரீட் ஜோடிக்கு (discrete, discreet) மட்டும் வேரைத் தோண்டாதீர்கள். வேரும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. எழுத்தைப் பாருங்கள். இரண்டு 'ஈ'-க்கு நடுவே 'டி' புகுந்து பிரித்தால் தனித்தனியான. 'ஈ'-க்கள் ஒட்டியிருந்தால் விஷயத்தை வெளியே விடாத பக்குவம்.

எதிர்பாராத வில்லன் எனர்வேட் (enervate). எனர்ஜி மாதிரி ஒலித்து ஏமாற்றும். பொருளோ நேரெதிர், நரம்பை உருவியது போலத் துவளவைப்பது. கடலூர் மே மாத வெயிலை வைத்து ஒரு வாக்கியம் எழுதினால் மறக்காது.

வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுக்கும் சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ் கேள்வியில் இரண்டு விடையும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். பாதி மார்க் கிடையாது.