ஒலித்தடை வேண்டாம், ‘அசைவு எதிர்ப்பு’ எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

அக்கூஸ்டிக் இம்பீடன்ஸுக்குத் (acoustic impedance) தமிழ்ச்சொல் தேடும் இந்த மடல் இழையில் இதுவரை வந்தவை ஒலித்தடை, ஒலிமறுப்பு, ஒலியெதிர்ப்பு. தடையா, மறுப்பா, எதிர்ப்பா என்றே மடல்கள் போய்க்கொண்டிருக்கின்றன. எனக்குச் சிக்கல் அந்தப் பாதியில் இல்லை. முன்னால் நிற்கிற ‘ஒலி’தான் இடிக்கிறது.

‘ஒலித்தடை’ என்று படிக்கும் மாணவர் என்ன நினைப்பார்? ஒலியைத் தடுப்பது என்றுதான். அடுத்த வரியில், எஃகின் ஒலித்தடை காற்றினுடையதைப் போல லட்சம் மடங்குக்கும் மேல் என்று வரும். அதற்கும் அடுத்த வரியில், காற்றில் நொடிக்கு 343 மீட்டர் போகிற ஒலி எஃகில் 5,900 மீட்டர் போகிறது என்று வரும். தடை கூடக்கூட வேகமும் கூடுகிறதா என்று அவர் குழம்பாவிட்டால்தான் வியப்பு.

ஒலி போகும்போது ஊடகத்தின் துகள்கள் ஊர்வலம் போவதில்லை. இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் அசைந்து பக்கத்துத் துகளைத் தள்ளிவிடுகின்றன. அந்த அசைவை உண்டாக்க எவ்வளவு அழுத்தம் தரவேண்டும் என்பதே நாம் பெயர் தேடும் அளவு: ஒலியழுத்தத்தைத் துகள் அசையும் வேகத்தால் வகுத்தால் வருவது. தள அலைக்கு (தட்டையான முகத்தோடு ஒரே திசையில் செல்லும் அலைக்கு) இது ஊடகத்தின் அடர்த்தியை அதில் ஒலி செல்லும் வேகத்தால் பெருக்கியதற்குச் சமம். பாஸ்கல்-நொடி/மீட்டர் அலகில் காற்றுக்குச் சுமார் 410, நீருக்கு 14.8 லட்சம், எஃகுக்கு 4.6 கோடி. ஆக, மறுக்கப்படுவது ஒலி அல்ல, துகளின் அசைவு.

வேகமும் இந்த அளவும் ஒன்றாகவே ஏறி இறங்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஹைட்ரஜனில் ஒலி காற்றில் போவதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் போகும். ஆனால் அதன் எண் காற்றினுடையதில் கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். காரணம், வாயு இலேசானது. மீட்சிக் குணகத்தை (இறுக்கும்போது ஊடகம் எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்ற அளவை) அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வேகம். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நம் அளவு. ‘இது சடத்துவம்தானே (இனர்ஷியா, இயக்க மாற்றத்துக்குப் பொருள் இணங்காத இயல்பு), புதுப்பெயர் எதற்கு’ என்று இந்த இழையில் கேட்டிருந்த நண்பருக்கும் இதுவே பதில். அடர்த்தி வழியாக வருவது சடத்துவத்தின் பங்கு. மீட்சியின் பங்கு அதில் அடங்காது.

‘ஒலி’ என்ற முன்னொட்டு எப்படி ஒட்டிக்கொண்டது என்பதும் தெரிந்ததே. இம்பீடன்ஸ் என்ற சொல்லை 1886இல் ஆங்கில மின்னியல் அறிஞர் ஹெவிசைட் மின்னியலுக்காக உருவாக்கினார். ஒலியியலுக்கு அதைக் கொண்டுவந்த அமெரிக்க இயற்பியலாளர் வெப்ஸ்டரின் கட்டுரை 1919இல் அச்சானது. மின்னழுத்தம் இருந்த இடத்தில் ஒலியழுத்தம் வந்து உட்கார்ந்தது. மின்னோட்டம் இருந்த இடத்தில்? துகளின் அசைவு. மின்னியலில் எதிர்க்கப்படுவது மின்னோட்டம், அதனால் ‘மின்’ அங்கே பொருந்துகிறது. ‘மின்’னை எடுத்துவிட்டு ‘ஒலி’யை வைத்தால் கணக்கு உதைக்கிறது.

ஒலி பிறக்கும் இடத்தைப் பார்த்தால் ‘தடை’ இன்னும் மோசம். இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) தட்டிக் கையில் பிடித்தால் காதருகே கொண்டுபோனால்தான் நன்றாகக் கேட்கும். ஒல்லியான கிளை அசையும்போது முன்னால் இருக்கும் காற்று இறுகாமல் ஓரமாக நழுவிப் பின்பக்கம் போய்விடுகிறது. காற்று எதிர்த்து நிற்காததால் கவையின் ஆற்றல் காற்றுக்குக் கைமாறுவதில்லை. காம்பை மேசைப் பலகைமேல் ஊன்றினால் பலகை முழுவதும் அசைந்து, அகலமாகக் காற்றைத் தள்ளும். அறை முழுக்கக் கேட்கும். கவையும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஓரளவு எதிர்ப்பு இருந்தால்தான் ஒலியே பிறக்கிறது என்னும்போது அதைப் போய் ஒலித்தடை என்று எப்படி எழுதுவது?

தடுப்பு என்று ஒன்று நடப்பது எல்லையில். இரு பொருள்களின் எதிர்ப்புக்கும் இடையே பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தால் ஒலி திரும்பிவிடும். காற்றிலிருந்து நீர்ப்பரப்பில் நேராக விழும் ஒலியாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகிறது. நம் உட்காதில் இருப்பதும் திரவம்தான். அதனால் நடுக்காது இடையில் புகுந்து வேலை செய்கிறது: செவிப்பறையின் அசையும் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர், உட்காதைத் தொடும் சிற்றெலும்பான அங்கவடியின் அடித்தட்டு 3.2. அதே விசை சிறிய பரப்பில் குவிவதால் அழுத்தம் 17 மடங்காகிறது. எலும்புகளின் நெம்புகோல் வேலை இன்னொரு 1.3 மடங்கு, மொத்தம் 22 மடங்கு. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கும்போது தோலில் ஜெல் தடவுவதும் இடையில் காற்றுப்படலம் நின்றுவிடக் கூடாது என்றுதான்.

ஆகவே என் முன்மொழிவு ‘அசைவு எதிர்ப்பு’. சேர்த்து எழுதினால் ‘அசைவெதிர்ப்பு’ ஆகும், புலால் மறுப்புப் பிரசாரம்போல ஒலிக்கும், தெரிகிறது! பிரித்தே எழுதுவோம். ‘அசைவு’ முற்றியலுகரம் (முழுதாக ஒலிக்கும் உகர ஈறு), அடுத்து உயிரெழுத்து வந்தால் அது கெடுவது நன்னூல் சொல்வதுபோல ‘ஒரோவழி’தான், அதாவது சில இடங்களில்தான், கட்டாயம் இல்லை. ‘அதிர்வெதிர்ப்பு’ என்று மாற்றலாமா என்றும் பார்த்தேன். அது எந்திரத்தின் அடியில் வைக்கும் ரப்பர் தாங்கிகளுக்குப் போய்விடும்.

கிளைச்சொற்கள்: இரு பொருள்களின் எதிர்ப்பை ஒத்துவரச் செய்யும் மேட்சிங்குக்கு எதிர்ப்புப் பொருத்தம், மிஸ்மேட்சுக்குப் பொருத்தமின்மை. ஊடகத்துக்கே உரிய மதிப்பைச் சொல்லும்போது ஊடக அசைவு எதிர்ப்பு. குழாய், கொம்பு போன்றவற்றில் அழுத்தத்தைத் துகள் வேகத்தால் வகுக்காமல் நொடிக்குப் பாயும் காற்றின் கனஅளவால் வகுக்கிறார்கள். அதற்குப் ‘பாய்வு எதிர்ப்பு’ போதும் என்று தோன்றுகிறது, ஆனால் குழாயில் நீரோட்டம் பற்றி எழுதுவோர் அதை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தால் சொல்லுங்கள், வேறு பார்ப்போம். அசைவு எதிர்ப்பின் அலகு ஆங்கில இயற்பியலாளர் ரேலே பிரபுவின் பெயரால் வந்தது. அதை ‘ரேல்’ என்றே வைத்துக்கொள்ளலாம். தயவுசெய்து ‘ரெயில்’ வேண்டாம்.