மண்டைக்குள்ள ஒருத்தன் ஓயாம திட்டிக்கிட்டே இருக்கான், எப்படி நிறுத்துறது?

அரைத்தூக்கம்:
வணக்கம், ரொம்ப நாளா படிக்கிறதோட சரி, இன்னைக்குத்தான் முதல் தடவை எழுதுறேன். போன மாசம் ஆபீஸ்ல 40 பேருக்கு ஒரு மெயில் அனுப்பணும், அனுப்பிட்டேன், ஃபைல அட்டாச் பண்ணாம. ரெண்டே நிமிஷத்துல இன்னொரு மெயில் போட்டு சரி பண்ணிட்டேன், யாரும் ஒன்னும் சொல்லல, ஒருத்தர் மட்டும் சிரிக்கிற ஸ்மைலி போட்டாரு, அவ்ளோதான். ஆனா அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உள்ளுக்குள்ள "லூசாடா நீ, ஒரு மெயில் கூட ஒழுங்கா அனுப்பத் தெரியாதா, எப்பவுமே இப்படித்தான், உனக்கெல்லாம் எவன்டா வேலை குடுத்தான்"னு ஓடிக்கிட்டே இருந்துச்சு.

நெனைக்காம இருக்கப் பாத்தேன், கூடத்தான் ஆச்சு. யாரோ வீடியோல சொன்னாங்கன்னு கண்ணாடி முன்னாடி நின்னு "நான் திறமைசாலி"ன்னு பத்து நாள் சொன்னேன், உள்ள இருந்து "யாரு, நீயா?"ன்னு ஒரு சிரிப்பு சத்தம். ஃப்ரெண்டுக்கு சொல்ற மாதிரி உனக்கே சொல்லிக்கோன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க, அதுவும் பாத்தாச்சு, ஃப்ரெண்டு நல்லவன், நான் அப்படி இல்லன்னு பதில் வருது.

மழைக்காகிதம்:
நீங்க பண்ணதுல முதல் ரெண்டும் வேலை செய்யாததுக்கு காரணம் நீங்க இல்ல. 1987ல டேனியல் வெக்னர்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், அஞ்சு நிமிஷம் வெள்ளைக்கரடிய மட்டும் நெனைக்காதீங்க, நெனைச்சா மணி அடிங்கன்னு சொல்லி உக்கார வச்சாரு, மணி அடிச்சுக்கிட்டேதான் இருந்தாங்க. நெனைக்கக் கூடாதுன்னா, வந்துருச்சான்னு மனசே அடிக்கடி எட்டிப் பாக்கணும்ல, அதுலயே அது வந்துரும்.

கண்ணாடி விஷயமும் அப்படித்தான். கனடாவுல ஜோஆன் வுட்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு 2009ல வெளியிட்டது, தன்மேல ஏற்கனவே மதிப்பு கம்மியா இருக்கறவங்க "நான் அன்புக்குரியவன்"ங்கிற மாதிரி வரிய திரும்பத் திரும்ப சொன்னப்ப முன்ன விட மோசமாத்தான் ஃபீல் பண்ணாங்க. நம்பாத ஒன்ன சொன்னா உள்ள இருக்கற வக்கீல் எழுந்து நின்னு ஆட்சேபிப்பான். அதனால அவனால மறுக்க முடியாதத சொல்லுங்க. "நான் திறமைசாலி"ய விடுங்க, "தப்ப ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சு சரி பண்ணேன்". இதுக்கு சென்ட் ஃபோல்டர்ல சாட்சியே இருக்கு.

கறார்க்கணக்கு:
எனக்கு இதெல்லாம் ஒத்துவராது. என்னை நானே திட்டலன்னா நான் படுக்கையவிட்டே எந்திரிக்க மாட்டேன். தட்டிக் குடுத்துக்கிட்டே இருந்தா சோம்பேறியாத்தான் ஆவோம்.

வால்நட்சத்திரம்:
கறார், நானும் உங்க கட்சிலதான் பல வருஷம் இருந்தேன். ஆனா 2012ல ப்ரைன்ஸ், சென்னு ரெண்டு பேர் செஞ்ச ஆய்வப் படிச்சப்ப யோசிச்சேன். கஷ்டமான டெஸ்ட்ல சொதப்பினவங்கள்ல, தன்மேல கொஞ்சம் கனிவா இருங்கன்னு சொல்லப்பட்ட ஆளுங்கதான் அடுத்த டெஸ்டுக்கு அதிக நேரம் படிச்சாங்களாம். என் விஷயத்துல பாத்தாலும், திட்டின அன்னைக்கு அந்த ஃபைல திறக்கவே பயமா இருக்கும், மூணு நாள் தள்ளிப் போடுவேன்.

அரைத்தூக்கம், நான் பண்ணது ஒன்னே ஒன்னுதான். ஒரு வாரம் அந்தக் குரல் சொன்னத அப்படியே போன்ல டைப் பண்ணேன், மாத்தாம, கெட்டவார்த்தையோட. மொத்தம் அறுபது சொச்சம் வந்துச்சு, உக்காந்து பாத்தா நாலே நாலு டயலாக்தான், அதுவே மாறி மாறி. அதுல மூணுல "எப்பவுமே" இருந்துச்சு, எனக்கே சிரிப்பு. நாலாவது, "நீ கைய வச்சா எதுவும் விளங்காது". இது என் பேச்சே இல்லையே, நான் "விளங்காது"ன்னெல்லாம் பேசற ஆளே இல்லன்னு தோணுச்சு. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, சின்ன வயசுல வீட்டுக்கு வந்து போற ஒரு சொந்தக்காரர் வாய்க்கு வாய் சொல்றது. வைகாட்ஸ்கின்னு ஒரு ரஷ்ய அறிஞர், குழந்தைங்க முதல்ல மத்தவங்களோட பேசி, அப்புறம் தனக்குத்தானே வாய்விட்டுப் பேசி, அதுதான் போகப் போக உள்பேச்சா மாறுதுன்னு சொல்லியிருக்காரு. சரிதான், ஆளு போயிட்டாரு, டயலாக் மட்டும் உள்ள தங்கிருச்சு. அது யாரு குரல்னு தெரிஞ்சதுல இருந்து பாதி பவர் போயிருச்சு.

(ஒன்னு மட்டும், இது ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் தூக்கத்த கெடுத்துச்சுன்னாலோ, இருந்து என்ன பிரயோஜனம்னு ஓட ஆரம்பிச்சாலோ இங்க எழுதிக்கிட்டு இருக்காம ஒரு டாக்டர பாருங்க. நான் லேட்டா போனேன், அதான் சொல்றேன்.)

மழைக்காகிதம்:
இன்னொன்னு விட்டுட்டேன். மிச்சிகன்ல ஈத்தன் க்ராஸ் குழு 2014ல பண்ண ஆய்வுகள், மேடைப் பேச்சுக்கு முன்னாடி "நான்"னு இல்லாம தன் பேர சொல்லியோ "நீ"ன்னோ தனக்குத்தானே பேசிக்கிட்டவங்களுக்கு பதட்டம் கம்மியா இருந்துச்சு.

அரைத்தூக்கம்:
என் பிரச்சனையே அதானே! எனக்குள்ள திட்டறவன் ஏற்கனவே "நீ"தான் போடறான், கூட "டா" வேற.

வால்நட்சத்திரம்:
அப்போ மரியாதை குடுங்க. நெஜமாத்தான் சொல்றேன், "நீங்க" போட்டு திட்டிப் பாருங்க.

அரைத்தூக்கம்:
12 நாள் கழிச்சு வர்றேன். நேத்து மீட்டிங்ல ஷீட்ல ஒரு ஃபார்முலா தப்பு, எல்லாரும் ஸ்க்ரீன பாத்துட்டு இருக்காங்க. உடனே உள்ள "லூசா..."ன்னு ஆரம்பிச்சுது. வேணும்னே பேர் சொல்லி, சார் போட்டு, "சார், நீங்க அந்த ரோவ சரி பாத்தீங்களா?"ன்னு மாத்தினேன். கேட்டதுமே அது திட்டா இல்ல, கேள்வியாயிருச்சு. கேள்வின்னா பதில் சொல்லணும்ல, போய்ப் பாத்தேன், 14வது ரோ விட்டுப்போயிருந்துச்சு, சேர்த்தேன். ராத்திரி திரும்ப வந்துச்சு, வரலன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா "நீங்க ஒரு லூசுங்க"ன்னு முழுசா சொல்ல முடியல, பாதியிலயே சிரிப்பு வந்துருச்சு, பதினொன்னு மணிக்கெல்லாம் தூங்கிட்டேன்.

கறார்க்கணக்கு:
"லூசுங்க" நல்லா இருக்கு. நாளைக்கு காலைல எந்திரிக்கறதுக்கு நானும் போட்டுப் பாக்குறேன்.