கலைச்சொல் விவாதம்: அண்டர்ஸ்டியர், ஓவர்ஸ்டியர் – தமிழில் என்ன சொல்வது?

எழுதியவர்: மொழிபெயர்ப்பவர், இங்கிலாந்து

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

இங்கே டொயோட்டா ஜிடி86 வைத்திருக்கும் தமிழ் நண்பர்கள் சிலருக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வாரம் முழுக்க வேலைக்குப் போய்வரும் அதே காரை, விடுமுறை நாளில் ‘டிராக் டே’க்கு எடுத்துப்போகிறவர்கள் இவர்கள். டிராக் டே என்பது பந்தயம் இல்லை. கட்டணம் கட்டி, சைலன்சர் சத்தம் வரம்புக்குள் இருக்கிறதா என்ற சோதனையைத் தாண்டி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு பந்தயத் தடத்தில் ஓட்டலாம். நேரக் கணக்கு கிடையாது. முன்னால் போகிறவர் சைகை காட்டி வழிவிட்டால்தான் முந்தலாம். இதற்குத் ‘தடநாள்’ என்று போட்டுவிட்டேன். யாரும் ஆட்சேபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சிக்கல் அண்டர்ஸ்டியர், ஓவர்ஸ்டியரில். வளைவில் நாம் திருப்பியதைவிடக் கார் குறைவாகத் திரும்பினால் முன்னது, அதிகமாகத் திரும்பினால் பின்னது. ‘குறைதிருப்பம்’, ‘மிகைதிருப்பம்’ என்று எழுதிப் பார்த்தேன். “முன்பக்க ஸ்டெபிலைசர் பாரைத் தடிமனாக்கினால் குறைதிருப்பம் கூடும்” என்ற வரியைப் (ஸ்டெபிலைசர் பார் என்பது வளைவில் காரின் உடம்பு சாய்வதைக் குறைக்கும் கம்பி) படித்த நண்பர், “குறைவு கூடும்னா என்ன அர்த்தம்? வண்டி நல்லா திரும்புமா, திரும்பாதா?” என்று கேட்டார். கையேட்டில் பாதி வரிகள் இப்படித்தான் இருக்கின்றன. ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கிறவருக்கு இந்தச் சொற்கள் உதவாது. வேறு வழி சொல்லுங்கள்.

---

எழுதியவர்: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், ஆட்டோமொபைல் துறை

குறைதிருப்பத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள். ஜெர்மானியர்கள் உன்டர்ஸ்டோயர்ன், யூபர்ஸ்டோயர்ன் என்கிறார்கள். பிரெஞ்சில் சூவிராழ், சுர்விராழ். எல்லாரும் குறை, மிகை என்ற ஜோடியைத்தான் வைத்திருக்கிறார்கள். நாம் மட்டும் விலகினால், நாளைக்கு வேற்றுமொழிப் புத்தகத்தைப் புரட்டும் மாணவன் தடுமாறுவான்.

வரையறையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். ஒரே ஆரமுள்ள வட்டத்தில் காரை ஓட்டுகிறோம். வேகத்தை மெல்லக் கூட்டுகிறோம். அதே வட்டத்தில் நிற்க ஸ்டியரிங்கை மேலும் மேலும் உள்ளே திருப்ப வேண்டியிருந்தால் அது அண்டர்ஸ்டியர். திருப்பியதைக் குறைக்க வேண்டியிருந்தால் ஓவர்ஸ்டியர். எதுவும் செய்ய வேண்டாம் என்றால் நடுநிலை.

இதற்குக் காரணம் டயர். வளைவில் போகும் டயர், தான் நோக்கும் திசையிலேயே உருளாது. சாலையைத் தொடும் பகுதி முறுக்கிக்கொள்வதால் பார்க்கும் திசைக்கும் போகும் திசைக்கும் இடையில் சிறு கோணம் விழும். இதுதான் ஸ்லிப் ஆங்கிள். சாதாரண ரோட்டு டயரில் சுமார் 6 முதல் 10 டிகிரி வரை இந்தக் கோணத்தோடு பிடியும் கூடிக்கொண்டே போகும். அதைத் தாண்டினால் பிடி விடும். முன் டயர்களின் கோணம் பின் டயர்களுடையதைவிட அதிகமானால் அண்டர்ஸ்டியர், குறைவானால் ஓவர்ஸ்டியர். அவ்வளவுதான் விஷயம்.

---

எழுதியவர்: பட்டறைக்காரர், கோவை

ஐயா சொன்ன வரையறை சரிதாங்க. ஆனால் அதிலேயே விடை இருக்கிறது. குறையும் மிகையும் ஸ்டியரிங்கைப் பற்றிப் பேசுகின்றன. கோளாறு ஸ்டியரிங்கில் இல்லையே, எந்த டயர் முதலில் கைவிடுகிறது என்பதில்தானே இருக்கிறது?

எங்கள் பக்கம் செட்டிபாளையம் தடத்தில் ஓட்டிவிட்டு வருகிற பையன் காரை நிறுத்தி இறங்கியதும், “அண்ணா, முன்னாடி வெளிய தள்ளுது” என்பான். இல்லையென்றால், “பின்னாடி வீசுதுண்ணா”. அண்டர்ஸ்டியர் என்ற வார்த்தை அவனுக்குத் தெரியும், ஆனால் மூச்சு வாங்கும்போது வாயில் வருவது தள்ளுவதும் வீசுவதும்தான். அமெரிக்காவில் நீள்வட்டத் தடங்களில் ஓட்டுகிறவர்களும் குறை, மிகை என்று சொல்வதில்லை. ‘புஷ்’, ‘லூஸ்’ என்கிறார்கள். அவன் முன்னாடி என்று சொன்னவுடன் என் கை முன் டயர் காற்றைப் பார்க்கப் போய்விடும். மிகைதிருப்பம் என்று சொன்னால் நான் முதலில் அகராதியைப் பார்க்க வேண்டும்.

முன்னா பின்னா என்பது சொல்லுக்குள் இருக்க வேண்டும். இது ஒன்றுதான் என் கோரிக்கை.

---

எழுதியவர்: மொழிபெயர்ப்பவர், இங்கிலாந்து

அண்ணன் சொன்னது பிடித்திருக்கிறது. தள்ளல், வீச்சு இரண்டும் பேச்சில் நன்றாக இருக்கின்றன. ஆனால் வீச்சு என்றால் இயற்பியலில் வேறு பொருள் (அலையின் வீச்சு), எறிபொருளுக்கும் அதே சொல். எழுத்தில் குழப்பும்.

ஸ்லிப் என்பதற்கு ஏற்கெனவே ஒரு சொல் பள்ளிப் பாடத்தில் புழங்குகிறது. மின்னியற்றியில் வரும் ஸ்லிப் ரிங்கை ‘நழுவு வளையம்’ என்றுதான் பன்னிரண்டாம் வகுப்பில் படித்தோம். அந்த வழியில் போனால் ஸ்லிப் ஆங்கிள் நழுவுகோணம், அண்டர்ஸ்டியர் முன்நழுவல், ஓவர்ஸ்டியர் பின்நழுவல். நான்கு சொற்களும் ஒரே வேரில் நிற்கும். எப்படி?

---

எழுதியவர்: தமிழாசிரியை, மதுரை

தம்பி, புணர்ச்சி விதியை மறந்துவிட்டீர்களே. முன் + நாள் முன்னாள். பின் + நாள் பின்னாள். அப்படியானால் முன் + நழுவல் என்ன ஆகும்? முன்னழுவல். பின் + நழுவல் பின்னழுவல். படிக்கிறவர்கள் வண்டி முன்னால் அழுகிறது, பின்னால் அழுகிறது என்று நினைப்பார்கள். டயர் கீச்சிடுவதைக் கேட்டால் அதுவும் பொருத்தம்தான், இருந்தாலும் கையேட்டில் வேண்டாம்.

புணர்த்தாமல் பிரித்து எழுதலாம் என்பீர்கள். இப்போது பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் புதிதாகச் செய்கிற சொல்லை முதல் நாளே ஊன்றுகோலோடு ஏன் அனுப்ப வேண்டும்?

வழுவுதல் என்று ஒரு சொல் இருக்கிறது. ‘நெறி வழுவாமல்’, ‘கடமையில் வழுவாமல்’ என்று எல்லாரும் சொல்கிறோம். போகவேண்டிய வழியிலிருந்து விலகுவது என்பது பொருள். முன்வழுவல், பின்வழுவல், வழுவுகோணம். புணர்ச்சியில் எந்தத் தொந்தரவும் இல்லை. கணினிக்காரர்கள் ‘பக்’ (நிரல் பிழை) என்பதற்கு ‘வழு’வை எடுத்துக்கொண்டார்களே என்று யாராவது வருவார்கள். வழு வேறு, வழுவல் வேறு. இலக்கணத்தில் வழுவும் வழாநிலையும் காலங்காலமாகப் பக்கத்துப் பக்கத்திலேதான் இருக்கின்றன, யாரும் குழம்பவில்லை.

---

எழுதியவர்: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், ஆட்டோமொபைல் துறை

அம்மையார் சொன்ன ‘விலகுவது’ என்ற ஒரு வார்த்தை என்னை யோசிக்க வைத்துவிட்டது.

நழுவலில் எனக்கிருந்த தயக்கம் இதுதான். நழுவியது என்றால் பிடி போய்விட்டது என்று தோன்றும். ஆனால் ஜிடி86 ஒரு ரவுண்டானாவை 40 கிலோமீட்டர் வேகத்தில் சாதுவாகச் சுற்றும்போதும் முன் டயர்களின் கோணம் பின் டயர்களைவிடச் சற்று அதிகமாகத்தான் இருக்கும். அங்கே எதுவும் சறுக்கவில்லை, ஓட்டுகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதுவும் அண்டர்ஸ்டியர்தான். சாலைக்காக விற்கப்படும் கார்கள் அநேகமாக எல்லாமே கொஞ்சம் அண்டர்ஸ்டியரோடுதான் வருகின்றன. வளைவில் பயந்துபோனவர் இயல்பாகச் செய்வது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. அப்போது எடை முன்னுக்கு வந்து, முன் டயருக்குப் பிடி கிடைத்து, கார் தானே உள்ளே வரும். அதனால்தான் இந்த ஏற்பாடு.

வழுவல் விலகலை மட்டும் சொல்கிறது. சறுக்கலைச் சொல்லவில்லை. இந்தக் காரணத்துக்காக என் குறைதிருப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நடுநிலைக்குச் ‘சமவழுவல்’ பொருந்தும்.

---

எழுதியவர்: பட்டறைக்காரர், கோவை

டீச்சரம்மா சொல்லுக்கு என் ஓட்டு. இனி தம்பியின் கையேட்டுக்கு ஒரு எச்சரிக்கை. அதை எழுதாவிட்டால் சொல் இருந்தும் பயனில்லை.

தடநாளுக்குப் போகிற எல்லாருக்கும் முன்வழுவலைக் கண்டால் வெறுப்பு. வளைவு நடுவில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வண்டி எப்போது திரும்பும் என்று காத்திருப்பது எரிச்சல்தான். உடனே அதை ஒழிக்கக் கிளம்பிவிடுவார்கள். லோட்டஸ் எலிஸ் முதல் தலைமுறையில் முன்னால் 185, பின்னால் 205 மில்லிமீட்டர் அகல டயர் போட்டுத்தான் கம்பெனி அனுப்பியது. எஞ்சின் நடுவில் இருப்பதால் எடை பின்பக்கம் அதிகம், அதற்காக வேண்டுமென்றே செய்தது. ஒருவர் முன்னாலும் அகலமாகப் போட்டு, ஸ்டெபிலைசரையும் மாற்றினால் வெயிலில் காய்ந்த தடத்தில் வண்டி ரயில் மாதிரி போகும். அதே வண்டியை மழை நாளில், சூடேறாத டயரோடு ரவுண்டானாவில் விட்டால் பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும்.

இதில் பழைய போர்ஷ் 911 பெரிய பாடம். எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவில் காலை எடுத்தால் ஐயா சொன்ன மாதிரி எடை முன்னுக்குப் போகும், அதாவது பின் டயரை விட்டுப் போகும். அந்தப் பின்பக்கம் கனமானது, வீச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். 1969 மாடலில் எஞ்சினை அங்கேயே வைத்துவிட்டுப் பின் சக்கரங்களை மட்டும் 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். இரண்டரை அங்குலம்கூட இல்லை, ஆனால் வண்டியின் குணம் மாறிவிட்டது.

ஆகவே காலை எடுப்பதால் வரும் பின்வழுவலுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘கால்விடு பின்வழுவல்’ என்று தோன்றுகிறது. டீச்சர் பார்த்துச் சொல்லட்டும்.

ஸ்டெபிலைசரைப் பற்றி இன்னொன்று. முன்பக்கம் தடிமனாக்கினால் முன்வழுவல் கூடும் என்று தம்பி எழுதியது புத்தகப்படி சரி. வளைவில் உள்சக்கரத்திலிருந்து பாரம் வெளிச்சக்கரத்துக்குப் போகிறது. பாரம் இரண்டு மடங்கானால் பிடி இரண்டு மடங்காகாது, அதற்குக் குறைவாகத்தான் கூடும். எந்த அச்சில் இந்தப் பாரப்பெயர்வு அதிகமோ அந்த அச்சு மொத்தத்தில் பிடியை இழக்கும். ஆனால் ஜிடி86 மாதிரி முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஒரு வகை சஸ்பென்ஷன்) இருக்கிற வண்டியில், உடம்பு சாயும்போது வெளிச்சக்கரமும் கூடவே வெளிப்பக்கம் சாய்ந்து டயரின் வெளி விளிம்பில் உருளும். அங்கே தடித்த பார் சாய்வைக் குறைத்து, சில சமயம் பிடியைக் கூட்டிவிடும். அதனால் பாரைத் தொடுவதற்கு முன்னால் கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வண்டியில் முன் கேம்பர் கம்பெனியிலிருந்து கிட்டத்தட்ட பூஜ்யம். கேம்பர் போல்ட் போட்டு ஒன்றரை டிகிரி உள்ளே சாய்த்தாலே பாதி எரிச்சல் போய்விடும், செலவும் குறைவு. டயரின் வெளி விளிம்பு மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்து, உள்பக்கம் புதுசு மாதிரி இருந்தால் இதுதான் காரணம் என்று புரிந்துகொள்ளலாம்.

---

எழுதியவர்: தமிழாசிரியை, மதுரை

கால்விடு பின்வழுவல் வினைத்தொகையாக நன்றாக நிற்கிறது. காலை விட்டு ஆட்டுவது என்று யாரும் படித்துவிடாமல், முதல் இடத்தில் மட்டும் விளக்கம் கொடுத்துவிடுங்கள்.

கேம்பரை என்ன செய்யப் போகிறீர்கள்?

---

எழுதியவர்: மொழிபெயர்ப்பவர், இங்கிலாந்து

கேம்பர் அப்படியே கேம்பராக இருக்கட்டும், டீச்சர். வீல் அலைன்மென்ட் கடையில் தாளில் அச்சடித்துத் தருவதே அந்தப் பெயரில்தான். சக்கரச் சாய்வு என்று ஒருமுறை சொல்லி விளக்கிவிட்டு நகர்ந்துவிடுவேன். பிரேக் ஃபேட் (சூட்டில் பிரேக் வலுவிழப்பது) பகுதியில் மட்டும் இரண்டு சொல் வைத்திருக்கிறேன். பேட் சூடேறிப் பிடிக்காமல் போனால் ‘பேட் சோர்வு’. பெடல் கடினமாகவே இருக்கும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் ‘ஆயில் கொதிப்பு’. பெடல் தரை வரை இறங்கிவிடும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது விதி, ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த அளவு 155தான். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் ஒரே சொல்லில் அடக்கவில்லை.

திருத்திய பத்தி இது:

“தடத்தில் வளைவின் நடுவே கார் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போனால் அது முன்வழுவல். ஸ்டியரிங்கை மேலும் திருப்பாதீர்கள், வழுவுகோணம் ஏற்கெனவே அளவுக்கு மேல் போய்விட்டது. வளைவுக்குள் நுழையும் வேகத்தைக் குறையுங்கள். அடுத்த சுற்றிலும் அப்படியே இருந்தால் முன் டயர் காற்றையும் கேம்பரையும் பாருங்கள், ஸ்டெபிலைசருக்குக் கடைசியில் வாருங்கள். முன்வழுவலை முழுதாக ஒழிக்க முயல வேண்டாம். காய்ந்த தடத்தில் சமவழுவலாக இருக்கும் கார், வீட்டுக்குத் திரும்பும் வழியில் மழை பிடித்தால் பின்வழுவும். அப்போது பயந்து காலை எடுத்தால் கால்விடு பின்வழுவலும் சேர்ந்துகொள்ளும்.”

பழைய நண்பரிடமே அனுப்பியிருக்கிறேன். இந்தமுறை கூடுமா குறையுமா என்று கேட்கவில்லை, கேம்பர் போல்ட் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அப்புறம் விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன்.

---

எழுதியவர்: பட்டறைக்காரர், கோவை

‘வீட்டுக்குத் திரும்பும் வழியில்’ என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுங்க தம்பி. அதோடு, திரும்புவதற்கு முன்னால் டயர் காற்றை மறுபடி அளக்கச் சொல்லுங்க. தடத்தில் சூடேறும் என்று குறைத்து வைத்த காற்றோடு அப்படியே மோட்டார்வேயில் ஏறிவிடுவார்கள்.