மறு: மாக்னம் தோட்டா: பெருந்தோட்டாவா, மிகுவிசைத் தோட்டாவா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் மடற்குழுவில் இந்த இழை எங்கெங்கோ போய்விட்டது. மாக்னம் (வழக்கத்தைவிட அதிக உள்ளழுத்தத்தில் சுடும் தோட்டா வகை) என்ற ஒரு சொல்லுக்குத்தான் மொழிபெயர்ப்பாளர் தமிழ் கேட்டார். நாம் தோட்டாவையே நாடு கடத்துகிற வரைக்கும் வந்துவிட்டோம். அவர் கையில் இருப்பது ஒரு வேட்டைக் கட்டுரை. அமெரிக்காவில் சுழல்துப்பாக்கியோடு (ரிவால்வர்) மான் வேட்டைக்குப் போகிறவர் .357, .41, .44 (எண்கள் குண்டின் விட்டம், தோராயமாக அங்குலத்தில்) என்ற மூன்று மாக்னங்களில் எதை எடுப்பது, சுட்டு முடித்த தோட்டாவை வீட்டிலேயே மறுபடி கட்டிக்கொள்கிறவருக்கு எது தோது என்பதுதான் விஷயம். நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக் கதை முடிந்தது. உரிமம் வாங்கிச் சுழல்துப்பாக்கி வைத்திருக்கிறவர்களிடம் இருப்பதும் பெரும்பாலும் கான்பூர் ஆலையில் செய்த .32 தான். ஆனால் படிப்பதற்கு உரிமம் வேண்டாமே.

திருவாரூர் ஐயா எழுதியதிலிருந்து ஆரம்பிக்கிறேன்:

> தோட்டா உருது வழியாக வந்தது. 'வெடியுறை' என்று நல்ல தமிழாக வைத்துக்கொள்ளலாமே.

ஐயா, துப்பாக்கியும் துருக்கியிலிருந்து வந்ததுதான். தஞ்சாவூர்க் கீழவாசலில் பீரங்கி மேட்டின் மேல் கிடக்கிறதே நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கி, அந்தச் சொல்லும் பரங்கிக்கு உறவுமுறை. பொருள் வந்தபோது பேரும் கூடவே வந்து குடியேறிவிட்டது. இனிமேல் கிளப்ப முடியாது. அதை விடுங்கள், என் எதிர்ப்புக்கு வேறு காரணம் இருக்கிறது. உறை என்றால் மேற்கூடு மட்டும். தோட்டா என்பது முழுசு. இந்தக் கட்டுரைக்கு முழுசுக்கு ஒரு சொல், கூட்டுக்கு ஒரு சொல் என்று தனித்தனியாக வேண்டும். ஏனென்றால் சுட்ட பிறகு கையில் மிஞ்சுவது கூடு மட்டும்தான், மறுபடி கட்டுகிறவரின் முதலும் அதுதான்.

அந்தக் கூட்டுக்கு யாழ்ப்பாணத்து அன்பர் தந்த 'கோது' எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஈழத்தில் வெற்றுக் கோது என்று செய்தித்தாளே எழுதும். இங்கேயும் புளியங்கோது, கரும்புக்கோது என்று சொல்கிறோம். உள்ளிருந்ததை எடுத்த பிறகு மிஞ்சும் வெறும் மேலோடு அல்லது சக்கை. சுட்ட கூட்டுக்கு இதைவிடப் பொருத்தமாகக் கிடைக்காது. ஆனால் அதே மடலில் முன்னே பாய்கிற உலோகத்துக்கு அவர் தந்த 'சன்னம்' டெல்டாவில் எடுபடாது. நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம், பொது ரகம் என்று பிரித்து விலை போடுகிற ஊர் இது. சன்னம் பாய்ந்தது என்றால் அரிசி மூட்டை சரிந்ததாக நினைப்பார்கள். 'ரவை'க்கும் அதே கதிதான், உப்புமா நடுவில் வந்து நிற்கும். போதாததற்கு ரவை என்றால் நாட்டுத் துப்பாக்கியில் போடும் சில்லுக்குண்டு என்று இங்கே ஒரு பொருள் ஏற்கெனவே உண்டு. 'குண்டு' எல்லோருக்கும் தெரியும், அதுவே இருக்கட்டும்.

கோதின் அடியில் நடுவில் இருக்கிற, ஊசி தட்டினால் வெடித்து உள்ளிருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கிற அந்தச் சின்ன வட்டில்லைக்கு 'எரியூட்டி', 'பற்றவைப்பான்' என்று இரண்டு முன்மொழிவுகள் வந்தன. இரண்டும் தப்பில்லை. ஆனால் தீபாவளித் துப்பாக்கியில் வைத்து அடிக்கிற பொட்டு நமக்கெல்லாம் தெரியும்தானே? வேலையும் அதே வேலை, உருவமும் அதே உருவம். 'வெடிப்பொட்டு' என்று வைத்தால் படம் போடாமலே புரியும். இதில் பாக்சர், பெர்டான் என்று இரண்டு வகை உண்டு. பாக்சர் வகையில் கோதின் அடியில் நடுத்துளை ஒன்றுதான். ஒரு ஊசியை உள்ளே விட்டுத் தட்டினால் பழைய பொட்டு கழன்று விழும். பெர்டானில் துளை இரண்டு, அதுவும் ஓரமாக. அதை மறுபடி கட்டுவது பெரும்பாடு. பாக்சர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்காவில் நிலைத்தது பாக்சருடையது. அங்கே வீட்டுக்கு வீடு தோட்டா கட்டுகிற பழக்கம் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, மாக்னத்துக்கு வருகிறேன். மன்னார்குடி நண்பர் சொல்வது:

> லத்தீனில் மாக்னம் என்றால் பெரியது. 'பெருந்தோட்டா' என்பது நேரான மொழியாக்கம். இதற்கு மேல் என்ன யோசனை?

லத்தீன் கணக்குச் சரி. ஒன்றரை லிட்டர் மதுப் புட்டிக்கு இருந்த பேரை ஆங்கிலேயத் துப்பாக்கிக்காரர்கள் கடன் வாங்கினார்கள். ஆனால் சுழல்துப்பாக்கிக்கு அது வந்தபோது பெரிதானது என்ன என்று பாருங்கள். 1935இல் வந்த .357 மாக்னத்தின் குண்டும் அதற்கு முன்பிருந்த .38 ஸ்பெஷலின் குண்டும் ஒரே விட்டம். கோது மட்டும் 1.155 அங்குலத்திலிருந்து 1.290 அங்குலமாக நீண்டது, மூன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த நீளமும் இடத்துக்காக மட்டும் வந்ததல்ல. பழைய, வலுக்குறைந்த துப்பாக்கியில் யாராவது தெரியாமல் இதைப் போட்டுவிட்டால் தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளைக்குள் முழுசாக இறங்கக்கூடாது, அதற்காகவும்தான். உண்மையில் கூடியது உள்ளழுத்தம். .38 ஸ்பெஷலுக்கு வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .357க்கு 35,000. இரண்டு மடங்குக்கும் மேல். இன்னொரு பக்கம் 1873இலிருந்து இருக்கும் .45 கோல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குண்டு இந்த மூன்று மாக்னங்களையும்விடத் தடிமன், ஆனால் வரம்பு 14,000 தான். நண்பர் சொல்கிறபடி பார்த்தால் அதுதான் பெருந்தோட்டா ஆகவேண்டும். அது மாக்னமே இல்லை.

'உரத்தோட்டா' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். உரம் என்றால் வலிமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குறுவைக்கு யூரியா வரவில்லையே என்று கூட்டுறவுச் சங்க வாசலில் நிற்கிற ஊரிலிருந்து இதை ஆதரிக்க என்னால் முடியாது.

என் பரிந்துரை 'மிகுவிசைத் தோட்டா'. முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது, திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனம். கனரக மின்சாரம் என்று இழுக்காமல் மிகுமின் என்று யாரோ சுருக்கி எழுதினார்கள், நின்றுவிட்டது. அதே அச்சில் இதுவும். ஒரே ஒரு நிபந்தனை: இது வகைக்கு மட்டும் பேர். .44 மாக்னம் என்பது ஒரு குறிப்பிட்ட தோட்டாவின் பெட்டியில் அச்சடித்த பேர், அதைத் தொடக்கூடாது. '.44 மிகுவிசை' என்று எழுதினால் கடையில் கேட்டு வாங்க முடியாது. '.44 மாக்னம் ஒரு மிகுவிசைத் தோட்டா' என்றால் இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கும்.

அடுத்து, திரும்பக் கட்டுவது. 'மறுநிரப்பல்' என்று நம் சொல் அட்டவணையில் ஏறியிருக்கிறது. இதில் குழப்பம் வரும். துப்பாக்கியில் தோட்டா தீர்ந்தால் வேறு போடுவதும் மறுநிரப்பல்தானே? நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் மருந்தைப் போட்டு இடிப்பதைக் கெட்டிப்பது என்பார்கள். அதை எடுத்துக்கொண்டு 'கோது கெட்டித்தல்' என்றால் துப்பாக்கியில் அல்ல, கோதில் நடக்கிற வேலை என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

அந்த வேலையை அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் மேசையருகே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கோதுகளை ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் திருப்பி, வாயோரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பார். சுடும்போது விரிந்த பித்தளையை அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படி ஒடுக்க ஒடுக்கப் பித்தளை இறுகி, ஒரு நாள் வாயில் கிழியும். கும்பகோணத்துப் பாத்திரக்காரர்களுக்கு இது புதிதல்ல, தட்டத் தட்ட இறுகும், சூடு காட்டினால் இளகும். ஆகவே 'இறுகல்', 'இளக்கல்' போதும். கடைசியில் குண்டை வைத்து, கோதின் வாயை குண்டைச் சுற்றி ஓடும் வரிப்பள்ளத்துக்குள் உள்பக்கமாக மடிப்பார். இதற்கு 'வாய்மடிப்பு' என்று போடுகிறேன். மிகுவிசைத் தோட்டாவில் இது தளர்ந்தால் ஆபத்து. ஒன்றைச் சுடுகிற உதையில் உருளையின் மற்ற அறைகளில் இருக்கும் குண்டுகள் முன்னால் நழுவி, உருளை சுழலாமல் மாட்டிக்கொள்ளும்.

கிரெய்ன் என்ற எடைக்கு 'நெல்' போடலாம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டெல்டாக்காரன் நெல்லை வேண்டாம் என்பது கஷ்டம்தான். ஆனால் நம் பழைய வாய்பாட்டில் நான்கு நெல் எடை ஒரு குன்றிமணி. அந்தக் கணக்கில் ஒரு நெல் கிட்டத்தட்ட அரைக் கிரெய்ன்தான் வரும். மருந்தளவு எழுதுகிற இடத்தில் பாதிக்குப் பாதி பிசகுகிற சொல்லை வைக்கவே கூடாது. கிரெய்ன் கிரெய்னாகவே இருக்கட்டும், 0.0648 கிராம் என்று ஒருமுறை குறித்துவிடலாம்.

சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

".41க்கும் .44க்கும் குண்டின் விட்டத்தில் வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பேரில் 44 என்று இருந்தாலும் குண்டு 0.429 அங்குலம்தான்; .41இன் குண்டு பேருக்கேற்ப 0.410. இரண்டுக்கும் உள்ளழுத்த வரம்பு ஒன்றே, சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு. வழக்கமான குண்டு .41க்கு 210 கிரெய்ன், .44க்கு 240. சுடுகிற தூரத்தில் மானுக்கு இந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. சுடுகிறவரின் மணிக்கட்டுக்குத் தெரியும், .41 கொஞ்சம் மெதுவாக உதைக்கும். ஆனால் .357க்கு .38 ஸ்பெஷலும் .44க்கு .44 ஸ்பெஷலும் தாய்த்தோட்டாக்கள், அவற்றின் கோதை நீட்டித்தான் இந்த மாக்னங்கள் பிறந்தன. பயிற்சிக்கு அந்த மென்மையான தோட்டாக்களை அதே துப்பாக்கியில் போட்டுச் சுடலாம். 1964இல் வந்த .41க்கு அப்படிக் கடையில் வாங்கக்கூடிய தாய்த்தோட்டா இல்லை. மென்மையாக வேண்டுமென்றால் பெரும்பாலும் கோது கெட்டித்துத்தான் ஆகவேண்டும். அதற்கும் கோதும் குண்டும் .44க்குக் கிடைக்கிற அளவுக்குத் தாராளமாகக் கிடைக்காது. .357 கையடக்கம், செலவு குறைவு. மானுக்கு அது கீழ்வரம்பு, கிட்டத்தில் நின்று இடம் பார்த்துச் சுடுகிறவருக்கு மட்டும்."

எனக்கு இதில் தட்டுகிற இடம் ஒன்றுதான், 'தாய்த்தோட்டா'. 'மூலத்தோட்டா' என்று மாற்றலாம், ஆனால் வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. யாருக்காவது மேலானது தோன்றினால் எழுதுங்கள். தேர்வைப் பற்றி நான் கட்டுரையோடு ஒத்துப்போகிறேன். வீட்டில் கெட்டிக்கிற வசதி இருக்கிறவருக்கே .41 கட்டுபடியாகும், மற்றவருக்கு .44 தான். மைத்துனர் மாத்திரம் .41ஐ விடமாட்டார், அது தனிக் கதை.

பாக்கி ஒன்று. 1955இல் .44 மாக்னம் வருவதற்கு மல்லுக்கட்டிய எல்மர் கீத் என்பவர் வடிவமைத்த குண்டு, முனை கூராக இல்லாமல் தட்டையாகச் செதுக்கியது போலிருக்கும். தோலில் வட்டமாக வெட்டிக்கொண்டு போகும். இதற்குத் 'தட்டைமுனை' என்று நானும் 'மொட்டைமுனை' என்று யாழ்ப்பாணத்து அன்பரும் நிற்கிறோம். உருண்ட முனைக் குண்டையும் மொட்டை என்று சொல்ல வாய்ப்பிருப்பதால் எனக்குத் தயக்கம். ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள், மொழிபெயர்ப்பாளருக்கு அட்டவணையை அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து