பக்கத்துப் பண்ணைக்காரர் மேய்ச்சல் நிலக் கூட்டணிக்குக் கூப்பிடுகிறார், போகலாமா?

அறுபதேக்கர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நடு டெக்சாஸில் 60 ஏக்கர் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. வீடு ஊருக்குள், வாரக் கடைசியில்தான் போய்ப் பார்க்க முடியும். விவசாய நிலம் என்கிற வரிச்சலுகை போய்விடக் கூடாதே என்று பக்கத்துப் பண்ணைக்காரருக்கே மேய்ச்சல் குத்தகைக்கு விட்டேன். 14 பசுக்கள், கன்றுகளோடு.

வாங்கிய புதிதில் இடுப்புயரம் புல் நின்றது. இந்த ஆகஸ்டில் போனால் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. மாடு வாய் வைக்காத முள்செடி மட்டும் ஜம்மென்று நிற்கிறது. குத்தகைக்காரர் நல்ல மனிதர்தான். கேட்டால், "மழை இல்லை, நான் என்ன செய்ய?" என்கிறார்.

அவரே இப்போது ஒரு கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார். மாடு வளர்ப்பவர்களும் அரசு மண்வளத் துறை ஆட்களும் சேர்ந்த மேய்ச்சல் நிலக் கூட்டணியாம். ஒருவருடைய பண்ணையில் நடந்துபோய்ப் புல்லைப் பார்ப்பார்களாம். என் மனைவிக்கு அதில் துளியும் விருப்பமில்லை. "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிடும். ஒரு தடவை பெயர் கொடுத்தால் அப்புறம் அதிகாரிகள் வாசலில் வந்து நிற்பார்கள்" என்கிறாள். எனக்கும் உள்ளூர அந்தப் பயம் உண்டு. இதில் பணம் ஏதும் தருவார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தொரட்டி எழுதியது:

போங்க தம்பி. மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்க.

நான் 11 வருடமாக இங்கே மாடு வைத்திருக்கிறேன். முதல் நான்கு வருடம் உங்கள் மனைவி சொன்னதையேதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஏற்பாட்டை ஆரம்பித்தது அதிகாரிகள் இல்லை, மாட்டுக்காரர்கள். தனியார் மேய்ச்சல் நிலத்துக்கு விவரம் தெரிந்த ஆட்களின் உதவி போதவில்லை என்று கால்நடை வளர்ப்போர் சங்கங்கள் சேர்ந்து 1991-ல் தொடங்கினார்கள். கிரேசிங் லேண்ட்ஸ் கன்சர்வேஷன் இனிஷியேட்டிவ் என்று பெயர். அதன் கீழே மாநிலத்துக்கு மாநிலம் கூட்டணிகள். என்.ஆர்.சி.எஸ். என்கிற இயற்கை வளப் பாதுகாப்புத் துறை கூட இருந்து உதவும். விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்பதுதான் முதல் விதியே. டெக்சாஸில் நிலம் ஏறக்குறைய முழுவதும் தனியார் கையில் இருக்கிறது. நிலத்துக்காரரைப் பகைத்துக்கொண்டு இங்கே யாரும் ஒரு புல்லைக்கூட நட முடியாது. நீங்கள் அந்தத் துறையிடம் கொடுக்கிற நில விவரத்தை வெளியே விடக் கூடாது என்று 2008 பண்ணைச் சட்டத்தின் 1619-ம் பிரிவு சொல்கிறது. மனைவியிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள். என் வீட்டில் அதற்கப்புறம்தான் சம்மதம் கிடைத்தது.

சரி, உங்கள் புல் விஷயத்துக்கு வருவோம். நான் போன முதல் கூட்டத்தில் ஒரு டிரெய்லரை இழுத்துவந்து நிறுத்தினார்கள். மேலே மழை மாதிரி தண்ணீர் தெளிக்கிற குழாய், கீழே சாய்த்து வைத்த தட்டுகளில் மண். ஒன்று வெறும் மண், ஒன்று ஒட்ட மேய்ந்த புல், ஒன்று நன்றாகத் தழைத்த புல். ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு ஜாடி. வழிந்தோடுகிற தண்ணீர் முன்ஜாடியில் விழும், மண்ணுக்குள் இறங்குகிற தண்ணீர் அடிஜாடியில் விழும். சில நிமிடம் மழை பெய்தது. ஒட்ட மேய்ந்த தட்டின் முன்ஜாடியில் காப்பி நிறத்தில் தண்ணீர், அடிஜாடியில் கொஞ்சம்தான். தழைத்த தட்டில் அப்படியே தலைகீழ். அப்புறம் அந்த மனிதர் வெறும் மண் தட்டைக் கவிழ்த்துக் காட்டினார். மேலே சேறு, அடியில் பொடிமண் காய்ந்தபடியே கொட்டியது. பக்கத்தில் நின்ற 70 வயதுப் பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நானும்தான். மழையே இல்லை, மழையே இல்லை என்று அத்தனை வருடம் புலம்பினேனே, பெய்த மழையை நானே வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். சுமாரான வருடத்தில் ஏக்கருக்கு 3000 பவுண்டு காய்ந்த புல் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பாதியை நிலத்தில் விட்டுவிட வேண்டும். மீதிப் பாதியிலும் பூச்சி தின்பது, மிதிபடுவது, சாணி விழுவது போக மாட்டின் வாய்க்குள் போவது மொத்தத்தில் கால்வாசி. அதாவது 750 பவுண்டு. 60 ஏக்கருக்கு 45,000. ஒரு பசு நாளைக்கு 26 பவுண்டு காய்ந்த தீனி எடுக்கும், வருடத்துக்கு 9,490. வகுத்துப் பாருங்கள், ஐந்து மாட்டுக்குக்கூட வராது. அவர் 14 விட்டிருக்கிறார்! வறட்சியின் மேல் பழி போட்டுப் பயனில்லை தம்பி.

பாதியை ஏன் விட வேண்டும் என்றால் காரணம் வேரில் இருக்கிறது. இலையில் பாதிக்கு மேல் போனால் வேர் வளர்வது தடைப்பட ஆரம்பிக்கும். 80 சதவீதம் போனால் அடியோடு நின்றுவிடும். வேர் ஆழம் போகாமல் மேலோடு நின்றுவிட்ட புல் அடுத்த வறட்சிக்குத் தாங்காது. மாட்டுக்கு எது ருசியோ அதைத்தான் அது முதலில் தேடித் தின்னும். லிட்டில் புளூஸ்டெம், இந்தியன்கிராஸ் மாதிரி இந்த மண்ணின் நல்ல புல்லெல்லாம் அப்படித்தான் காணாமல் போகும். அந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் உங்கள் முள்செடி.

நம்பிக்கை வராவிட்டால் 11 அடிக் குழாயை வளைத்து ஒரு வளையம் செய்யுங்கள். உள்ளே 9.6 சதுர அடி வரும். நிலத்தில் நாலைந்து இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எறிந்து, வளையத்துக்குள் இருக்கிற புல்லை ஒட்ட வெட்டி, காயவைத்து எடை போடுங்கள். சராசரி எத்தனை கிராமோ அதைப் பத்தால் பெருக்கினால் ஏக்கருக்கு இத்தனை பவுண்டு என்று வந்துவிடும்.

கம்பிவேலி எழுதியது:

பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கூட்டணி பணம் தராது, படிப்பும் பழக்கமும்தான் தரும். பணம் வேண்டுமென்றால் என்.ஆர்.சி.எஸ்.-இன் ஈக்விப் திட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குறுக்குவேலி, தண்ணீர்த் தொட்டி, முள் அழிப்பு என்று செலவில் 75 சதவீதம் வரை கிடைக்கலாம். புதிதாகப் பண்ணைக்கு வந்தவர்களுக்கு 90 வரைகூட உண்டு.

ஆனால் சார், ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். நான் அவசரக்குடுக்கை. விண்ணப்பம் கொடுத்தாயிற்றே என்று அடுத்த வாரமே கம்பம் நட்டுவிட்டேன். "தொடங்கிவிட்ட வேலைக்குத் தர முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். விதி காகிதத்தில் தெளிவாகத்தான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. அந்த வேலியைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

கொழுக்கட்டைப்புல் எழுதியது:

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னியுங்கள். நான் தெற்கு டெக்சாஸ். மறுபடி புல் விதைப்பதாக இருந்தால் எந்தப் புல் என்று கூட்டணிக்காரர்களிடம் கேட்காமல் விதைக்காதீர்கள். என் பெயரில் இருக்கிற புல்தான் இங்கே பஃபல்கிராஸ். ஓரெழுத்து தள்ளிப் பஃபலோகிராஸ் என்று ஒன்று உண்டு, அது இந்த மண்ணின் புல், குழப்பிக்கொள்ளாதீர்கள். நம்மூரில் மாட்டுக்கு உயிர்நாடியான கொழுக்கட்டைப் புல்லை இங்கே மேய்ச்சலுக்கென்று கொண்டுவந்து பரப்பினார்கள். என் மாடுகளும் அதைத்தான் தின்கின்றன, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரிசோனா பாலைவனத்தில் தீ பரவாத இடத்திலெல்லாம் தீயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இதே புல். சகுவாரோ கள்ளிகள் கருகுகின்றன என்று தன்னார்வலர்கள் கடப்பாரையோடு போய்ப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அறுபதேக்கர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. போய்விட்டு வந்தோம். மனைவியும் வந்தாள். அதிகாரியிடம் 1619-ம் பிரிவைப் பற்றி அவள்தான் முதல் கேள்வி கேட்டாள். அவர் அசரவில்லை, "நீங்களாகக் கூப்பிட்டால்தான் வருவேன்" என்றார்.

மறுநாளே வளையம் செய்தேன். ஐந்து இடத்தில் எறிந்து வெட்டிய புல்லை மைக்ரோவேவில் காயவைத்ததில் வீடெல்லாம் வைக்கோல் வாசம், அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன். சராசரி 118 கிராம். தொரட்டி அண்ணா சொன்னபடி கணக்குப் போட்டால் இரண்டு மாட்டுக்குக்கூடப் போதாது.

எண்களைத் தாளில் எழுதிக் குத்தகைக்காரரிடம் கொடுத்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதக் கடைசிக்குள் எல்லா மாட்டையும் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறேன், மழைக்கு அப்புறம் புல் எழும்பினால் நாலைந்தோடு வருகிறேன் என்றார். அப்புறம் அந்த வளையத்தைத் தன் நிலத்தில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று இரவல் வாங்கிப் போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.