தண்டு சிவப்பு, இலை தடிப்பு: இது என்ன களை?

கேள்வி: பாத்தி முழுக்கத் தரையோடு ஒட்டிப் படர்கிறது. கொத்திப் போட்டாலும் ஒரே வாரத்தில் மறுபடி துளிர்த்து நிற்கிறது. எப்படி ஒழிப்பது?

பதில் 1: தண்டைக் கிள்ளிப் பாருங்கள். பால் வடிந்தால் அம்மான் பச்சரிசி வகை, வெறும் தண்ணீர்ச் சாறு என்றால் பருப்புக்கீரை.

கேட்டவர்: பால் இல்லை. சின்ன மஞ்சள் பூ இருக்கிறது.

பதில் 2: சரி, பருப்புக்கீரையேதான். கொத்துவதுதான் வினையே, துண்டான தண்டு ஈர மண்ணில் கிடந்தால் வேர் விட்டுவிடும், பூத்த செடியைப் பிடுங்கி அங்கேயே போட்டால் காயில் விதையும் முற்றிவிடும். வேரோடு எடுத்து பாத்திக்கு வெளியே கொண்டுபோங்கள், பூப்பதற்கு முன்பே எடுத்தால் பாதி வேலை மிச்சம்.

பதில் 3: அப்புறம் மூடாக்கு. விதை பொடிப்பொடியாகக் கறுப்பாக இருக்கும், மேல்மண்ணில்தான் முளைக்கும். காய்ந்த இலைதழையை 5 முதல் 8 செ.மீ. உயரத்துக்குப் போடுங்கள். ஆழமாக மட்டும் கிளறாதீர்கள், புதைந்த பழைய விதையெல்லாம் மேலே வந்துவிடும்.