பாகா லொகேஷன் நம்பர் 1: எந்த நிலத்துக்கு மாற்று?

ஓய்வு_சர்வேயர்:
முப்பது வருடம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவன் நான். இப்போது அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அல்புகர்க்கி ஊரில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் வாயெஸ் கால்டெராவுக்குக் கூட்டிப்போனாள். எரிமலை உள்வாங்கி உண்டான பெரிய கிண்ணம், உள்ளே புல்வெளி, தூரத்தில் எல்க் மான்கள். மலையில் எல்லை என்றால் ஓடையையோ முகட்டையோ பிடித்துத்தான் போகும். பழைய வரைபடத்தில் இந்த இடம் சதுரமாக இருக்கிறது. பேர் 'பாகா லொகேஷன் நம்பர் 1'. வாரிசுகளுக்கு அரசு தந்த மாற்று நிலமாம். எதற்கு மாற்று? மற்ற நம்பர்கள் எங்கே?

பினோன்:
வணக்கம் ஐயா. லூயிஸ் மரியா காபேசா டி பாகா என்பவருக்கும் அவர் மகன்களுக்கும் 1820களில் லாஸ் வேகஸ் புல்வெளி கிடைத்தது. நெவாடா ஊர் இல்லை, நியூ மெக்சிகோவில் உள்ளது. தாக்குதல்களுக்குப் பயந்து அவர்கள் வெளியேறினார்கள். 1835ல் மெக்சிகோ அரசு அதே நிலத்தை வேறு குடும்பங்களுக்குக் கொடுத்தது, ஊரும் உண்டாகிவிட்டது. 1848ல் அமெரிக்காவின் கைக்கு வந்தபோது இரண்டு தரப்பிலும் பத்திரம் இருந்தது. குடியிருப்பவர்களைக் கிளப்ப முடியாதே! அதனால் 1860ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு, பாகா வாரிசுகள் அதே அளவு நிலத்தை வேறு இடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றது. நிலம் காலியாக இருக்க வேண்டும், கனிமம் கூடாது, சதுரமாக வேண்டும், ஐந்து துண்டுக்கு மேல் கூடாது. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 99,000 ஏக்கர். 1, 2 நியூ மெக்சிகோவில், 3, 5 இன்றைய அரிசோனாவில், 4 கொலராடோவில்.

ஓய்வு_சர்வேயர்:
நன்றி தம்பி. சதுரம் புரிந்தது. 'காலி' என்ற சொல்தான் உறுத்துகிறது. எங்கள் பதிவேட்டில் புறம்போக்கு என்று இருக்கும். போய்ப் பார்த்தால் மூன்று தலைமுறையாக ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பார். அளக்கப் போனவன் அதையும் எழுத வேண்டும். இங்கே யாரும் எழுதவில்லையா?

கல்மேடு:
நீங்கள் கேட்டதுதான் ஐயா வழக்காகவே நடந்தது. ஹேமெஸ் பழங்குடியினர் அந்த மலையில் பல நூறு வருடமாக வேட்டையாடி, பயிர் செய்து, வழிபட்டு வந்தவர்கள். 2000ல் அமெரிக்க அரசு நம்பர் 1 நிலத்தை 101 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அப்புறம் ஹேமெஸ் மக்கள் வழக்குப் போட்டார்கள். 1860 மாற்று நிலத்தால் மட்டும் அவர்கள் உரிமை அழிந்துவிடவில்லை என்று 2015ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2023ல் பாங்கோ போனிட்டோ என்ற பகுதிக்கு மட்டும் உரிமை கிடைத்தது. நம்பர் 3ல் கதையே தலைகீழ். 1914ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பட்டா செல்லும் என்றது. அரசு நிலம் என்று நம்பி விவசாயம் செய்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று.

ஓய்வு_சர்வேயர்:
பாங்கோ போனிட்டோ தென்மேற்கு மூலையில் இருக்கிறது, இப்போதுதான் வரைபடத்தில் பார்த்தேன். ஹேமெஸ் மக்களின் பழைய வயல் வீடுகளின் கல் அடித்தளங்கள் அங்கே உண்டாம். ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் போகலாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.